மூங்கில் துணி பற்றி ஒரு சின்னத் திருத்தம்

மூங்கில் டி-ஷர்ட்டில் ரசாயனமே கிடையாது, சாதாரண ரேயான் சட்டையைவிட விலை கூடுதலாக இருப்பது அதனால்தான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மூங்கில் வேகமாக வளரும் என்பது சரி. ஆனால் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற மூங்கில் துணி பெரும்பாலும் விஸ்கோஸ் ரேயான்தான். அதாவது, மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு என்ற ரசாயனங்கள் சேர்த்துக் கரைத்து, அமிலத்தில் இழையாக்குகிறார்கள். மலிவு ரேயானுக்கும் இதே முறைதான்.

முன்பக்க அட்டையை விடுங்கள், உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். பல சமயம் விஸ்கோஸ் என்றே இருக்கும். அப்புறம், அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இணையதளத்திலும் தேடலாம்: ரேயானை மூங்கில் என்று விற்ற வழக்கில் 2022இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய கடை நிறுவனங்களும் சேர்ந்து 55 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்ட விவரம் அங்கே இருக்கிறது.