வாக்கெடுப்பு தோற்றால் நடைபாதையும் வேண்டாமா?
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் க்வின்னெட் கவுன்டி மக்கள் 2019, 2020, 2024 என மூன்று முறை பொதுப் போக்குவரத்தை நிராகரித்துவிட்டார்கள், எனவே நீண்டகாலப் போக்குவரத்துத் திட்டத்தைப் புதுப்பிக்கும்போது சாலைகளை அகலப்படுத்தினால் போதும் என்கிறது இங்கே வெளியான கட்டுரை. இதை ஏற்க முடியவில்லை. மூன்று முறையும் வாக்குச்சீட்டில் இருந்தது அதற்கான ஒரு சதவீதக் கூடுதல் விற்பனை வரி. அதுவும் 2020-இல் தோற்றது சுமார் ஆயிரம் வாக்குகளில்தான். சரி, புது வரி வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம், நடைபாதையுமா வேண்டாம்? கவுன்டி வழியாகப் போகும் ப்யூஃபர்ட் ஹைவே பக்கம் பாருங்கள்: பல இடங்களில் பேருந்து நிறுத்தம் என்பது புல்லில் நட்ட ஒரு கம்பம்தான், எதிர்ப்பக்கம் போக அத்தனை லேன்களையும் உயிரைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கும் அம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது. நூலகம் நடக்கிற தூரம்தான். நடைபாதை பாதியில் நின்றுவிடுவதால் நாங்கள் வேலை முடிந்து வரும்வரை வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். மேலே கருத்து எழுதிய ஒருவர் பேருந்துகள் காலியாக ஓடுகின்றன என்கிறார். நிறுத்தம்வரை நடக்கவே வழியில்லாதபோது யார் ஏறுவார்கள்? 2022-இல் இதே மக்கள் வாக்களித்து நீட்டித்த எஸ்பிலாஸ்ட் (சாலை போன்ற குறிப்பிட்ட உள்ளூர்ப் பணிகளுக்கான விற்பனை வரி) வரிப் பணத்தில் நடைபாதை போடலாம். புதிய திட்டத்தில் நிறுத்தங்களைச் சுற்றியுள்ள அரை மைலை முதல் வரிசையில் வையுங்கள், அப்புறம் லேன் கணக்கு பார்க்கலாம்.