புதுத் தலைவர் வரட்டும், பழைய வேலை நிற்க வேண்டாம்

ஜூன் மாதம் வந்தாலே எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழு களைகட்டிவிடும். பதவியேற்பு விழா எந்த ஹாலில், சீஃப் கெஸ்ட் யார், சாப்பாடு ஒரு ஆளுக்கு எவ்வளவு, மொமெண்டோ எத்தனை என்று காலையில் ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓடும். ரோட்டரியோ லயன்ஸோ, எங்களைப் போன்ற சேவைச் சங்கங்களுக்கு ஜூலை 1 தான் வருடப் பிறப்பு. புதுத் தலைவர், புதுச் செயலாளர், புதுப் பொருளாளர் எல்லோரும் அன்றைக்குப் பொறுப்பேற்பார்கள். ஒருவரே நாற்காலியில் ஒட்டிக்கொள்ளாமல் வருடா வருடம் மாறுவது இந்த இயக்கங்களின் பெரிய பலம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தலைவரோடு சேர்ந்து வேலையும் மாறிவிடுகிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஒவ்வொரு தலைவருக்கும் தன் வருடத்தில் பேர் சொல்லும்படி ஒரு ப்ராஜெக்ட் வேண்டும். போன வருடம் ஆரம்பித்தது போன வருடத் தலைவருடையது. அதைத் தொடர்ந்தால் இவர் பெயர் எங்கே வரும்? யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் போர்டு மீட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், "இந்த வருஷம் புதுசா என்ன பண்றோம்" என்ற கேள்வி வந்த வேகத்தில் "போன வருஷம் கொடுத்தது எப்படி இருக்கு" என்ற கேள்வி வராது.

வடசென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குச் சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சங்கம் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின் கொடுத்தது. நல்ல மெஷின், நல்ல நோக்கம், அந்தப் பகுதி போர் தண்ணீர் உப்பு. ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய்ப் பார்த்தேன். மெஷின் இருக்கிறது, சுவரில் கிரானைட் பலகையும் இருக்கிறது, ஆனால் மெஷினுக்கு மேலேயே பிளாஸ்டிக் குடமும் ஒரு டம்ளரும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதிலிருந்துதான் குடிக்கிறார்கள். முன் ஃபில்டர் காபிக் கலரில் இருந்தது. அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் பின்னால் இருக்கும், உப்பை வடிகட்டும் மெம்பரேன் அடைத்துக்கொள்ளும். மெம்பரேன்தான் விலை கூடுதல். பள்ளிக்கூடத்தில் அதற்கென்று தனி நிதி கிடையாது. தலைமையாசிரியர் அம்மா கோபமே இல்லாமல் ஒன்று கேட்டார்: "ரிப்பேர்னா நாங்க யாருக்கு சார் போன் பண்றது?" அந்தப் பலகையில் எங்கள் சங்கங்களின் மாவட்ட கவர்னர் பெயர், தலைவர் பெயர், செயலாளர் பெயர், நன்கொடையாளர் பெயர் எல்லாம் பொன்னெழுத்தில் இருக்கிறது. ஒரு போன் நம்பர் இல்லை.

இது எங்கள் சங்கத்தின் கதை மட்டும் இல்லை. நகரம் முழுக்கத் தேடிப் பார்த்தால் தாழ்ப்பாள் போன ஸ்கூல் டாய்லெட், பெல்ட் அறுந்த தையல் மெஷின், டயர் இல்லாத சக்கர நாற்காலி என்று எத்தனையோ சங்கங்களின் நல்லெண்ணம் தூசி படிந்து கிடக்கும். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கைக்காசைப் போட்டுக் கொடுத்தவர்கள். ஆனால் கொடுத்த அன்றைக்கு போட்டோ எடுத்ததோடு கணக்கு முடிந்துவிட்டது.

இதே இயக்கங்கள் விடாமல் பிடித்துக்கொண்ட வேலைகளைப் பாருங்கள். ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் தென்கிழக்கு ஆசியாவே போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நடுவில் ஒவ்வொரு சங்கத்திலும் இருபத்தெட்டு, இருபத்தொன்பது தலைவர்கள் வந்து போயிருப்பார்கள். அரசும் ஊழியர்களும்தான் பெரும்பாரம் சுமந்தார்கள், சந்தேகமில்லை, ஆனால் சொட்டு மருந்து முகாம் நாளில் பூத்தில் வந்து நின்ற ரோட்டரிக்காரர்களில் யாரும் "இது முந்தைய தலைவரோட ப்ராஜெக்ட்" என்று விட்டுவிட்டுப் போகவில்லை. லயன்ஸும் அப்படித்தான். ஹெலன் கெல்லர் 1925இல் அவர்கள் மாநாட்டில் பேசி, பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நூறு வருடம் ஆகிவிட்டது, கண் என்றால் லயன்ஸ் என்பது இன்னும் மாறவில்லை.

எங்கள் சங்கத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது, அதைச் செய்பவர் ஒரே மனிதர். தி.நகர் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறார். தலைவர் பதவி பலமுறை அவரைத் தேடி வந்தும் வேண்டாம் என்று சொன்னவர். கண் தானத்துக்கு அவர் போன்தான் எங்கள் வட்டாரத்துக்கு நம்பர். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும் என்பதால் ராத்திரி இரண்டு மணியானாலும் போனை எடுப்பார். அழுதுகொண்டிருக்கும் வீட்டாரிடம் குரலை உயர்த்தாமல், கண்ணை மூடிவிடுங்கள், மேலே ஈரப் பஞ்சு வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, கண் வங்கிக்குப் போன் போட்டுவிட்டுத் தானும் கிளம்பிவிடுவார். கண்ணாடி போட்டவர், கேட்டராக்ட் ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை உள்ளவர்கூடக் கொடுக்கலாம் என்பதை எத்தனை வீடுகளில் பொறுமையாக விளக்கியிருப்பாரோ! போன மாதம் எங்கள் சங்கத்தை ஆரம்பித்த காலத்து உறுப்பினர் ஒருவர் மயிலாப்பூரில் காலமானபோதும் இவர்தான் முதலில் போய் நின்றார். அரைமணிக்குள் கண் தானம் முடிந்தது. அந்த மாதப் புல்லட்டினில் பிறந்தநாள், கல்யாண நாள் வாழ்த்துகளுக்கு நடுவே அது இரண்டு வரிச் செய்தியாக வந்தது. என்னைக் கேட்டால் அது முதல் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

ரத்த தானத்திலும் இதையேதான் சொல்வேன். ஜூலை 1 டாக்டர்கள் தினம், அக்டோபர் 1 ரத்த தான தினம், அந்த நாட்களில் ஊரெல்லாம் முகாம். எடுத்த சிவப்பணுக்கள் அதிகபட்சம் 42 நாள் இருக்கும், தட்டணுக்கள் ஐந்தே நாள். ஏப்ரல், மே வந்தால் கல்லூரிகள் லீவு, கொடுக்க ஆள் குறைந்துவிடும், ஆபரேஷன்கள் மட்டும் குறையாது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். முகாமுக்கு வந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மே மாதம் போன் செய்ய ஒரு ஆள் இருந்தால் போதும், புது பேனர்கூடத் தேவையில்லை.

அப்புறம் பணம். லைட் மியூசிக் நடத்துகிறோம், மலர் போட்டு விளம்பரம் வாங்குகிறோம், உறுப்பினர்கள் தலைக்கு இவ்வளவு டிக்கெட் என்று சொந்தக்காரர்கள் தலையில் கட்டுகிறோம். எல்லாம் சரி. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தை நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது என்று லயன்ஸில் விதியே இருக்கிறது, நல்ல விதி. ரோட்டரி ஃபவுண்டேஷனில் குளோபல் கிராண்ட், அதாவது பெரிய ப்ராஜெக்ட்டுக்கான நிதியுதவி கேட்டால், பணம் தீர்ந்த பிறகும் அந்த வேலை எப்படி நிலைத்து நிற்கும் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆகும். 30,000 டாலர் ப்ராஜெக்ட்டுக்கு உள்ள இந்த ஒழுங்கு நம் எண்பதாயிரம் ரூபாய் ஆர்.ஓ. மெஷினுக்கு ஏன் இல்லை? மெஷின் வாங்கும்போதே மூன்று வருட ஏ.எம்.சி.யையும், அதாவது பராமரிப்பு ஒப்பந்தத்தையும், சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன? நான்கு பள்ளிக்குக் கொடுக்கிற இடத்தில் மூன்று பள்ளிக்குக் கொடுப்போம். கொடுத்த நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதோடு நிறுத்தாமல், அடுத்த வருடம் அந்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஒரு கடிதமும் போட்டோவும் அனுப்புவோம். அவர் மறுபடி கொடுப்பார், நாம் கேட்காமலே.

"பழசைப் பாத்துக்கிட்டிருந்தா புது மெம்பர் யார் சார் வருவாங்க" என்று ஒரு சீனியர் என்னிடம் கேட்டார். நான் பார்த்தது நேர் மாறாக இருக்கிறது. போன வருடம் சேர்ந்த ஒரு பெண், ஐ.டி.யில் வேலை, வாரநாள் டின்னர் மீட்டிங்குக்கு அவரால் வர முடிவதில்லை. ஆனால் பழைய புல்லட்டின்களை எல்லாம் வாங்கி, நாம் எங்கே என்ன கொடுத்தோம் என்று ஒரு ஷீட் தயார் செய்து, சனிக்கிழமைகளில் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து, ஓடுகிறதா இல்லையா என்று குறித்துக்கொண்டு வருகிறார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் கூடப் போகிறார்கள். 1980களின் கடைசி வரை பெண்களையே சேர்த்துக்கொள்ளாத இயக்கங்கள் இவை என்பதை நினைத்தால், அந்த நாட்களில் இப்படி எத்தனை பேரை இழந்தோமோ என்று மனசு ஆறவில்லை.

வரும் போர்டு மீட்டிங்கில் மூன்று விஷயம் கேட்கப்போகிறேன். பதவியேற்பு விழா பட்ஜெட்டில் பாதியைப் பழைய ப்ராஜெக்ட்டுகளின் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். பராமரிப்புக்கென்று ஒரு பொறுப்பாளர், அதுவும் மூன்று வருடத்துக்கு மாறாதவராக, வேண்டும். இனிமேல் வைக்கிற ஒவ்வொரு பலகையிலும் பெயர்களுக்கு மேலே ஒரு போன் நம்பர் இருக்க வேண்டும், அதை எடுக்க ஆளும் இருக்க வேண்டும். புதுத் தலைவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன், அவர் முகம் சுளிக்கவில்லை, "எழுதிக் கொடுங்க, வெச்சுப் பேசலாம்" என்றார். மற்ற சங்கங்களில் இருக்கும் நண்பர்களே, உங்கள் இடத்தில் இது ஏற்கெனவே நடக்கிறது என்றால் எப்படிச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், அப்படியே எடுத்துக்கொண்டு போய் மீட்டிங்கில் வைக்கிறேன்.