மலைப்பாம்பு ஆளை அளவெடுக்குமா?

‘வளர்த்த மலைப்பாம்பு பல நாள் சாப்பிடாமல் ராத்திரியில் எஜமானி பக்கத்தில் நீட்டிப் படுத்ததாம், முழுங்க அளவெடுக்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.’ புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் இது மறுபடி சுற்றுகிறது. சுத்தப் பொய். அளவெடுக்க அது என்ன டெய்லரா?

மலைப்பாம்பு பதுங்கியிருந்து சட்டெனக் கவ்விச் சுற்றிக்கொள்ளும். இரைக்கு நாள் குறித்துப் பட்டினி கிடக்காது. பக்கத்தில் படுத்தால் சூட்டுக்காக இருக்கலாம். முத்தியால்பேட்டையில் நண்பர் வளர்க்கும் பால் பைத்தான் என்ற சின்ன வகை மலைப்பாம்பு (குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆங்கில ‘ball’, பயந்தால் பந்தாகச் சுருளும்) மார்கழியில் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் கண் இரண்டும் நீலம் பாய்ந்து மங்கியிருந்தன, சட்டை உரிக்கப் போகிறது. குளிர், சட்டை உரிப்பு, இனப்பெருக்கக் காலம் எதுவானாலும் அது வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட சாப்பிடாது. ஆனால் எடை குறைந்துகொண்டே போனால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ந்தாலும் பெரும்பாலும் நாலைந்து அடி தாண்டாத இந்த பால் பைத்தான் ஆளை எப்படி முழுங்கும்?

அப்புறம், நம்மூர் வயலில் பிடித்த மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.