கதைக்கு வேண்டாத செட், கதையைச் சொன்ன காட்சி

தெரியாத கிரகத்தில் இறங்கிய ஒரு சரக்கு விண்கப்பலுக்குள் புகுந்த உயிரினம் ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்லும் ஹாலிவுட் படம் 'ஏலியன்' (1979). அதைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருவர் "2003-ல் வந்த டைரக்டர்ஸ் கட் பாருங்க, அதுதான் முழுப்படம்" என்று ஆரம்பித்துவிடுவார். அவர்கள் ஓடும் நேரத்தைக் கவனிப்பதில்லை. முதலில் தியேட்டருக்கு வந்த படம் 117 நிமிடம். டைரக்டர்ஸ் கட், அதாவது இயக்குநர் பின்னால் மறுபடி தொகுத்த வடிவம், 116. வெட்டிய காட்சிகளைத் திரும்பச் சேர்த்த பிறகும் ஒரு நிமிடம் குறைவு! அங்கங்கே ஷாட்களைச் சுரண்டி எடுத்துத்தான் இயக்குநர் ரிட்லி ஸ்காட் அதற்கு இடம் பண்ணினார். 'டைரக்டர்ஸ் கட்' என்ற பெயர் இந்தப் படத்துக்குச் சரியாகப் பொருந்தாது, பழைய வடிவமே எனக்குத் திருப்திதான் என்று அவரே சொல்லியும்விட்டார். ஆனாலும் நம் ஆட்கள் விடுவதாக இல்லை.

என் கட்சி இதுதான். இந்தப் படத்தில் கதைக்குத் துளியும் வேண்டாத, காசை விழுங்கிய ஒரு செட் உள்ளே இருக்கிறது. கதையில் உள்ள பெரிய ஓட்டையை அடைத்த ஒரு காட்சி வெளியே போய்விட்டது. இரண்டுமே சரியான முடிவு. எப்படி என்று பார்க்க, முதலில் செட்டுக்குள் போக வேண்டும். (படம் பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.)

ஷூட்டிங் 1978 ஜூலை 5 முதல் அக்டோபர் 21 வரை, லண்டனுக்குப் பக்கத்தில் ஷெப்பர்டன் ஸ்டூடியோவில். மினியேச்சர் வேலையெல்லாம் பிரே ஸ்டூடியோவில். இருநூறு பேருக்கு மேல் வேலை செய்து மூன்று பெரிய செட்களைப் போட்டார்கள்: நாஸ்ட்ரோமோ கப்பலின் உட்புறம், அந்தக் கிரகத்தின் தரை, அங்கே கிடக்கும் அந்நியக் கப்பலின் உள்ளே. ப்ரொடக்‌ஷன் டிசைனர் மைக்கேல் சீமோர். ஆர்ட் டைரக்டர்கள் லெஸ் டில்லியும் ரோஜர் கிறிஸ்டியனும். மனிதர்களின் கப்பலை வரைந்தவர் ரான் காப். மனிதர்களுடையதல்லாத எல்லாமே சுவிஸ் ஓவியர் எச்.ஆர். கீகர். இரண்டு பகுதியையும் இரண்டு கைகள் வரைந்ததால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது வயிற்றைப் பிசைகிறது. ஒரே ஆள் வரைந்திருந்தால் அந்நியக் கப்பலும் கொஞ்சம் விசித்திரமான மனிதக் கப்பலாகத்தான் தெரிந்திருக்கும்.

வழக்கமாக ஒரு கப்பலின் உட்புறத்தைத் துண்டு துண்டாகப் போடுவார்கள். இங்கே ஒரு சுவர், அங்கே ஒரு அறை. கேமரா நுழைய வேண்டிய பக்கம் சுவரைக் கழற்றிவிடலாம், மேலே கூரை கிடையாது, லைட் முழுக்க மேலிருந்து தொங்கும். நாஸ்ட்ரோமோவில் அப்படிச் செய்யவில்லை. மூன்று தளங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரே துண்டாக, ஸ்டூடியோவின் தனித்தனி ஃப்ளோரில் (படப்பிடிப்புக் கூடத்தில்). ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடிகர்களும் அந்த வராந்தா வழியாகத்தான் நடந்தாக வேண்டும். 

இப்படிப் போட்டால் என்னென்ன தலைவலி? முதலாவது லைட். கூரை இருப்பதால் மேலிருந்து அடிக்க முடியாது. லைட்டைச் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் தரைக்கு அடியிலும் செட்டின் பாகமாகவே பதிக்க வேண்டும். அதாவது செட் போடும்போதே கேமராமேன் முடிவு சொல்லியாக வேண்டும். ஷூட்டிங் அன்று மனம் மாறினால் தச்சரைத்தான் கூப்பிட வேண்டும். படமோ அகலத்திரைக்காகக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிக்கும் அனமார்ஃபிக் லென்ஸில் எடுத்தது. அந்த லென்ஸ் வெளிச்சத்தை நிறையக் கேட்கும். குறைவான வெளிச்சத்தில் ஃபோகஸ் ஆழம் மிகக் குறுகிவிடும், நடிகர் அரை அடி முன்னே வந்தால் முகம் மங்கும். இரண்டாவது, கேமராவை வைக்க இடமில்லை. அதனால்தான் படத்தில் இத்தனை ஷாட்கள் தோளில் வைத்து எடுத்தவை. கேமராவைப் பெரும்பாலும் ஸ்காட்டே இயக்கினார். மூன்றாவது புகை. ஒளிக்கற்றை தெரியவும் தூரத்தைக் கூட்டிக் காட்டவும் புகை போடுகிறோம். ஆனால் கூரை மூடிய செட்டில் அது ஒரே அளவாக நிற்காது. காலையில் எடுத்த ஷாட்டில் லேசாக இருக்கும், மதியம் எடுத்ததில் கெட்டியாக இருக்கும், எடிட்டில் ஒட்டினால் வெட்டு பளிச்சென்று தெரியும். வெட்டிய காட்சியைப் பின்னால் திரும்ப நுழைக்கும்போது முதலில் உதைப்பதும் இந்தப் புகைதான்.

இத்தனை தலைவலிக்கும் கிடைத்த கூலி என்ன? படம் ஆரம்பித்ததும் ஆளே இல்லாத கப்பலுக்குள் கேமரா தனியாகச் சுற்றிவருகிறதே, அது. அந்தச் சில நிமிடங்களில் கப்பலின் வரைபடம் நம் தலைக்குள் ஏறிவிடுகிறது. பிற்பாதியில் கதாநாயகி ரிப்ளி ஓடும்போது அவள் எங்கே திரும்புவாள் என்று நமக்கே உடம்பில் தெரிகிறது. அதற்கு ஒரு வசனம்கூட இல்லை.

இனி சுவர்களுக்கு வருவோம். அந்தச் சுவர்கள் சுத்தமான காயலான் கடை வேலை. ரோஜர் கிறிஸ்டியன் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கையாண்ட அதே முறை: ஓட்டை உடைசல் விமானங்களை வாங்கு, பிரித்துப் போடு, சுவரில் ஒட்டு. நாஸ்ட்ரோமோவின் சில வராந்தாக்கள் உடைத்த குண்டுவீச்சு விமானங்களின் பாகங்கள்தான். சொல்ல எளிது. செய்யும்போது வரிசை முக்கியம். முதலில் பெரிய குழாய்களும் பெட்டிகளும் போய், கண்ணுக்கு ஒரு ஓட்டம் கிடைக்க வேண்டும். எல்லாக் குழாயும் எங்கிருந்தோ வந்து எங்கோ போவதாகத் தெரிய வேண்டும். அடுத்து நடுத்தர பாகங்கள். வால்வு, கைப்பிடி, மீட்டர். கடைசியில்தான் வயர், போல்ட், சின்ன சாமான். பிறகு எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தில் ஒரு கோட். இந்த ஒற்றைக் கோட்தான் நூறு இடத்திலிருந்து வந்த சாமானை ஒரே தொழிற்சாலைச் சரக்காக ஆக்குகிறது. அதன் மேல் நீர்த்த கறுப்பைப் பூசித் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கும். கை படும் இடங்களில் பெயின்ட்டைத் தேய்த்துவிட வேண்டும்.

சொதப்புவது எங்கே என்றால், வரிசையைத் தலைகீழாகச் செய்வதில்தான். சின்ன சாமானை முதலில் அள்ளி ஒட்டிவிட்டால் சுவர் முழுக்க ஒரே இரைச்சலாகி, கண் எங்குமே நிற்காது. அழுக்கை எல்லா இடத்திலும் சமமாக ஸ்ப்ரே செய்தால் அது அழுக்காகத் தெரியாது, பெயின்ட்டாகத்தான் தெரியும். அழுக்குக்கு ஒரு காரணம் வேண்டும்: இங்கே தண்ணீர் சொட்டுகிறது, இங்கே தினமும் தோள் உரசுகிறது.

கீழ்த்தளத்தில் வராந்தாவை நீட்டிக் காட்டக் கண்ணாடியும் வைத்தார்கள். சுவரின் முடிவில் கண்ணாடி, நீளம் இரட்டிப்பு, செலவு பாதி. ஆனால் கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறி விழும், கேமராவே தெரியும், நடிகர் நடந்து போனால் எதிரே இன்னொருவர் நடந்து வருவார். அதனால் கோணத்தைக் கொஞ்சம் சாய்த்து, எழுத்துப் பலகைகளை ஒதுக்கி வைத்துத்தான் எடுக்க முடியும்.

அந்தப் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஈர்ப்பு விசை இல்லாத பகுதி, காற்றழுத்தம் உள்ள பகுதி என்று ஒவ்வொன்றுக்கும் ரான் காப் ஒரு சின்னம் வரைந்தார். கதையில் எல்லோரும் பயப்படும் நிறுவனத்தின் பெயரை இந்தப் படத்தில் யாரும் வாயால் சொல்வதில்லை, 'கம்பெனி' என்பார்கள், அவ்வளவுதான். 'வெய்லன்-யூடானி' என்ற பெயர் பியர் கேனிலும் சாமான்களிலும்தான் இருக்கிறது. குடிக்கும் பியரும் முதலாளியுடையது. இதற்கு ஒரு முழுக் காட்சி எழுதி, எடுத்து, வெட்டியிருக்கலாம். கேன் போதும் என்று விட்டார்கள்.

இப்போது அந்தச் செலவு பிடித்த செட். அந்நியக் கப்பலுக்குள் நாற்காலியோடு உறைந்து செத்துக் கிடக்கும் ராட்சத உருவம். ஸ்பேஸ் ஜாக்கி என்பார்கள். உயரம் 26 அடி. இது யார், எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று படம் ஒரு வரிகூடச் சொல்லாது. மூன்று பேர் பார்க்கிறார்கள், மார்பு உள்ளிருந்து வெடித்திருக்கிறது என்கிறார்கள், நகர்கிறார்கள். ஒரே ஒரு காட்சிக்கு இத்தனை பணமா என்று படத்துக்குப் பணம் போட்ட ஃபாக்ஸ் நிறுவனம் தயங்கியதில் ஆச்சரியமில்லை. கணக்குப்பிள்ளை பார்வையில் அவர்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் கலைக்குழு விடவில்லை.

செலவைச் சமாளித்த விதத்தைப் பாருங்கள். முழு அறையைக் கட்டவில்லை. ஒரே ஒரு பக்கச் சுவர். உருவத்தைச் சுழலும் வட்டத்தட்டின் மேல் வைத்தார்கள். வேறு கோணம் வேண்டுமா, தட்டைத் திருப்பு, பின்னால் அதே சுவர். உருவத்தையும் சுவரையும் கீகரே கையில் ஏர்பிரஷ் பிடித்து வண்ணமடித்தார். அந்தக் காட்சியை எடுத்து முடித்ததும் உருவத்தை அகற்றிவிட்டு அதே செட்டை ஏலியன் முட்டைகள் இருக்கும் குகையாக மாற்றினார்கள். முட்டைகளுக்கு மேலே மிதக்கும் நீல ஒளிப்படலம் லேசர். பக்கத்து ஃப்ளோரில் 'தி ஹூ' இசைக்குழு தங்கள் மேடை நிகழ்ச்சிக்குச் சோதித்துக்கொண்டிருந்ததை இரவல் வாங்கினார்கள். முட்டைக்குள் துடிப்பதில் ஆட்டுக்குடலும் மாட்டு வயிறும் அடக்கம்.

இருந்தும் ஸ்காட்டுக்கு அளவு போதவில்லை. 58 அடி உயரத்துக்கு நாஸ்ட்ரோமோ கப்பலின் தரையிறங்கும் காலைக் கட்டியும் போதவில்லை. அதனால் தன் இரண்டு மகன்களுக்கும் கேமராமேன் டெரெக் வான்லின்ட்டின் மகனுக்கும் சின்ன அளவில் விண்வெளி உடை தைத்து நிற்க வைத்தார். எளிய விகிதம்தான்: 6 அடி ஆள் நிற்க வேண்டிய இடத்தில் 4 அடிப் பிள்ளை நின்றால், 26 அடி உருவம் 39 அடியாகத் தெரியும். ஒரு ஆணிகூடச் சேர்க்காமல் செட் ஒன்றரை மடங்கு. குழந்தையின் தலை உடம்புக்குப் பெரிது, நடையும் வேறு. ஹெல்மெட் போட்டு, தூர ஷாட்டில், மெதுவாக நடக்க விட்டால்தான் பிடிபடாது.

அந்த உடைகள் தனிக்கொடுமை. உள்ளே நைலான், மூச்சுக்காற்று வெளியேற வழியில்லை, வெளியே கோடை வெயில். நடிகர்களுக்காக ஆக்ஸிஜனோடு நர்ஸ்கள் நின்றிருந்தார்கள். பிள்ளைகளுக்கு மயக்கம் வரும் நிலை வந்த பிறகுதான் உடையைத் திருத்தினார்கள். பெரியவர்கள் வாடியபோதே திருத்தியிருக்கலாம்.

சரி, வெட்டிய காட்சிக்கு வருகிறேன்.

எடிட்டர் டெர்ரி ராலிங்ஸும் ஸ்காட்டும் முதலில் கோர்த்தது மூன்று மணி நேரத்துக்கு மேல். அதை இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கினார்கள். போனதில் பேர்பெற்றது 'கூடு' காட்சி. கப்பல் ஆட்களான பார்க்கரும் லாம்பர்ட்டும் செத்த பிறகு ரிப்ளி தனியாகக் கப்பலுக்குள் போகும் கட்டம். கீழே ஒரு அறையில் கேப்டன் டல்லாஸ் சுவரோடு பசையில் ஒட்டிக் கிடக்கிறார், உயிர் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு பணியாளன் பிரெட், பாதி முட்டையாகவே மாறிவிட்டான். டல்லாஸ் கொன்றுவிடச் சொல்லிக் கெஞ்ச, ரிப்ளி நெருப்பைப் பீய்ச்சி இருவரையும் எரிக்கிறாள்.

இந்தக் காட்சியில் தகவல் நிறைய. காணாமல் போனவர்கள் என்ன ஆனார்கள், முட்டை எங்கிருந்து வருகிறது, இந்த உயிரினத்தின் வாழ்க்கைச் சக்கரம் என்ன, மூன்றுக்கும் பதில் இருக்கிறது. அதனால்தான் ரசிகர்கள் பொக்கிஷம் என்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் படத்துக்கு வேண்டியது ஓட்டம். அத்தனை நேரம் நமக்குப் பழகிய வராந்தா ரிப்ளிக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. புகை, சைரன், சுழலும் விளக்கு. அங்கே அவள் நின்று, இறங்கி, பார்த்து, பேசி, அழுது, எரித்துவிட்டு மறுபடி ஓட வேண்டும். எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்புவது மாதிரி. வேகம் தடைபடுகிறது என்றுதான் அப்போது எடுத்தார்கள். 2003-ல் சுருக்கித் திரும்பச் சேர்த்தும் அந்தத் தடை போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. டல்லாஸ் ஏலியனைத் தேடிக் காற்றுக் குழாய்க்குள் போகிறார், அசைவைக் காட்டும் கருவியில் புள்ளி நெருங்குகிறது, அவ்வளவுதான். தேடினால் உடல் இல்லை. அந்த இல்லாமைதான் பிற்பாதி முழுக்க அந்தச் சுவர்களுக்குப் பின்னால் ஏதோ இருக்கிற உணர்வைத் தருகிறது. கூட்டைக் காட்டிவிட்டால் அந்தச் சுவர் வெறும் சுவர்.

அதற்கு முன்னால் பிரெட் ஏலியனிடம் சிக்கும் இடத்திலும் இதே கதைதான். சங்கிலிகள் தொங்கும், மேலிருந்து தண்ணீர் சொட்டும் உயரமான அறை. அங்கே செங்குத்தாக நீளமாகத் தொங்கும் எதுவும் இன்னொரு சங்கிலியாகவே தெரியும். ஏலியன் உடைக்குள் இருந்த போலாஜி படேஜோ ஏழடியைத் தொடும் ஒல்லி மனிதர், அவருக்காகவே செய்தது போன்ற அறை. டைரக்டர்ஸ் கட்டில், பிரெட் சிக்குவதற்கு முன்பே ஏலியன் சங்கிலிகளுக்கு நடுவில் தொங்குவதைக் காட்டும் ஷாட் வருகிறது. அழகான ஷாட்தான். ஆனால் செட் ஒளித்து வைத்ததை எடிட் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கூடு காட்சி போனதால் இன்னொரு கதவும் திறந்தது. மனிதனே முட்டையாகிறான் என்பது 1979-லேயே திரையில் பதிந்திருந்தால், 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் 'ஏலியன்ஸ்' படத்தில் முட்டையிடும் ராணியைக் கொண்டுவந்திருக்க முடியாது. வந்திருந்தால் கேள்வி கேட்டே கொன்றிருப்பார்கள். இப்போதும் இரண்டையும் சேர்த்து ஒரு விளக்கம் கட்டச் சிலர் படாத பாடு படுகிறார்கள்.

திரும்ப வந்தவற்றில் நான் விட்டுக்கொடுப்பது ஒன்றுதான். முகத்தில் உயிரினம் ஒட்டிய நிலையில் வந்த கேன் (Kane) என்ற சகாவைக் கப்பலுக்குள் விட மறுத்தாளே ரிப்ளி, அதற்காக மருத்துவ அறைக்கு வெளியே லாம்பர்ட் அவளை அறையும் காட்சி. சில நொடிகள். அது எந்த ஓட்டையையும் அடைப்பதில்லை, எதையும் விளக்குவதில்லை. அந்தக் குறுகலான வராந்தாவில் நாலு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், கை ஓங்கினால் பக்கத்தில் நிற்பவர் மேல் இடிக்கிறது, விலகிப் போக இடமில்லை. கூரை போட்டு, சுவர் கழலாமல், ஒரே துண்டாக அந்தத் தளத்தைக் கட்டியது எதற்கென்று லாம்பர்ட் விடும் அந்த அறையின் சத்தத்தில்தான் கேட்கிறது.