காசு நம்முளுது, போன் ஆருதுங்க?

திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துட்டா, அன்னிக்குச் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டைச் சுத்தி இருக்கற போன் கடையெல்லாம் நிறைஞ்சுரும். பல்லடம், ஈரோடு, கோபி, பொள்ளாச்சி எங்கயும் இதேதான். பீஸ் ரேட்டுக்குத் தச்சு, ஓவர்டைம் பாத்து, ராத்திரி ஷிப்டுல தறி ஓட்டிச் சேத்து வெச்ச பத்தாயிரத்தை எண்ணிக் குடுக்கறாங்க. அதுல 1,525 ரூபாய் வரிக்கே போயிருதுங்க. 2020 ஏப்ரல்ல செல்போன் ஜிஎஸ்டியை 12 சதவீதத்துல இருந்து 18க்கு ஏத்துனதுல இருந்து இதுதான் கணக்கு. சரி, வரியும் கட்டியாச்சு, முழுக் காசும் குடுத்தாச்சு. வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்குனா லாக் ஸ்கிரீன்லயே கடன் குடுக்கற ஆப்போட விளம்பரம். காசு போட்டு வாங்குன வீட்டு வாசப்படியில எவனோ கடை போட்டு உக்காந்திருக்கான். இதை எப்படிங்க பொறுத்துக்கறது?

உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்னு சொல்லித்தான் ஆண்ட்ராய்டை விக்கறாங்க. தீம், ஐகான், வால்பேப்பர் எல்லாம் இருக்குதுங்க, மறுக்கல. ஆனா கம்மி விலை போன்ல அதுக்கெல்லாம் முன்னாடி குப்பை வாரற சோலி இருக்குது. அதுக்கே அரை நாள் போயிரும்.

பித்தலாட்டம் கடையிலயே ஆரம்பிச்சுருது. "அண்ணா, இது எட்டு ஜிபி ரேமுங்ணா, ஹேங்கே ஆகாதுங்ணா"ன்னு தம்பி சொல்லுவாப்ல. பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிங்க, 4+4ன்னு இருக்கும். நெசமான ரேம் 4 ஜிபிதான். மிச்ச நாலு, போட்டோ வெக்கற ஸ்டோரேஜ்ல இருந்து வெட்டி எடுத்தது. ரேம் நொடிக்கு ஜிபி கணக்குல ஓடற சாமான். இந்த விலைப் போன்கள்ல பலதுல போடறது இஎம்எம்சி 5.1ங்கற ஸ்டோரேஜ். அது நொடிக்கு 250, 300 எம்பி படிச்சாலே பெருசு, எழுதறது அதைவிடக் கம்மி. அதுமேல ரேம் வேலையையும் ஏத்துனா போன் திணறாம என்ன பண்ணும்? எழுதி எழுதி அந்தச் சில்லும் சீக்கிரம் தேயும். செட்டிங்ஸ்ல 'ரேம் எக்ஸ்பேன்ஷன்', 'மெமரி எக்ஸ்டென்ஷன்' மாதிரி ஒரு பேர்ல இருக்கும். அதை ஆஃப் பண்ணி ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டோரேஜ்ல வெட்டுன 4 ஜிபியும் திரும்பி வந்துரும்.

ஒரே விலையில ரெண்டு போன் இருந்தா, கேமராவைப் பாக்காதீங்க, ஸ்டோரேஜ் இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸான்னு பாருங்க. இஎம்எம்சி நம்மூரு இட்டேரி மாதிரி. எதுக்க ஒரு வண்டி வந்தா இந்த வண்டி நின்னே ஆகணும்; ஒரு நேரத்துல ஒண்ணு படிக்கும், இல்லாட்டி எழுதும். யுஎஃப்எஸ் அவிநாசி ரோடு, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ஓடும். யுஎஃப்எஸ் 2.2ன்னா படிக்கற வேகம் நொடிக்கு ஆயிரம் எம்பியைத் தொடும். வாட்ஸ்அப்ல நாப்பது வீடியோ இறங்கிட்டிருக்கறப்ப ஜிபே தொறக்குதா, சுத்திட்டே நிக்குதாங்கறதை இதுதான் முடிவு பண்ணுது. மளிகைக் கடையில வரிசை நிக்கறப்ப அந்த வட்டம் சுத்தற அவமானம் பட்டவங்களுக்குத் தெரியும். இந்த ஒரு வரியைக் கடைப் பலகையில எழுத மாட்டேங்கறாங்க. 'ஏஐ ட்ரிபிள் கேமரா'ன்னு மட்டும் முழ நீளத்துக்கு எழுதறாங்க. அந்த ட்ரிபிள்ல சிலதுல ஒரு லென்ஸ் 0.08 மெகாபிக்சலுங்க, அதாவது 320க்கு 240 புள்ளி. அதுல எடுத்த போட்டோவை நீங்க ஒருநாளும் பாக்கப் போறதில்லை. பொறத்தால வட்டம் நெறைய தெரியணும்னு வெச்சது அது.

5ஜிலயும் ஒரு கண்ணி இருக்குது. எஸ்ஏன்னா 4ஜி துணையில்லாமத் தனியா நிக்கற 5ஜி, என்எஸ்ஏன்னா 4ஜி மேல சாஞ்சு ஓடற 5ஜி. கம்மி விலை 5ஜி போன் சிலது எஸ்ஏ வகையில மட்டும்தான் வேலை செய்யும். ஜியோ 5ஜி எஸ்ஏ, அதனால சிக்கல் இல்லை. ஏர்டெல் தொடங்குனதே என்எஸ்ஏவுலதான். ஏர்டெல் சிம் போட்டிருக்கறவங்க அந்தப் போனை வாங்குனா, ஏர்டெல்லோட எஸ்ஏ வராத எடத்துல 4ஜிலயே நின்னுக்க வேண்டியதுதான். விவரத் தாள்ல 'எஸ்ஏ/என்எஸ்ஏ'ன்னு ரெண்டும் இருக்குதான்னு பாத்துப்போட்டுக் காசைக் குடுங்க. பெட்டியைப் பிரிச்சுட்டா பல கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க.

இப்ப குப்பைக்கு வருவோம். புதுப் போனை மொதல்ல ஆன் பண்ணறப்பவே, அடுத்து அடுத்துன்னு தட்டற ஒவ்வொரு பக்கத்துலயும் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். 'கூடுதல் ஆப்கள்', 'உங்களுக்கேத்த விளம்பரம்', 'பயன்பாட்டு விவரம் அனுப்பு'. டிக்கை எடுங்க, ஒண்ணையும் விடாம எடுங்க. லாக் ஸ்கிரீன் படக்கூத்து லாக் ஸ்கிரீன் அல்லது வால்பேப்பர் பக்கத்துல 'கிளான்ஸ்', 'மேகசின்', 'கேரசல்' இந்த மாதிரிப் பேர்ல ஒளிஞ்சிருக்கும். அங்க ஆஃப். ஹோம் ஸ்கிரீன்ல 'ஹாட் ஆப்ஸ்', 'ஹாட் கேம்ஸ்'னு ஃபோல்டர் இருந்தா, அதை வெறுமனே தொறந்து பாக்கறதுக்கே நெட் ஓடும். அழுத்திப் புடிச்சா அதோட செட்டிங் வரும், பரிந்துரையை நிறுத்திப்போட்டுக் கலைச்சுருங்க.

ரெட்மி, போக்கோ வெச்சிருக்கறவங்களுக்குத் தனியாச் சொல்லணும். விளம்பரத்தை ஓட்டறது எம்எஸ்ஏங்கற ஒரு உள்வேலை ஆப். செட்டிங்ஸ்ல பாஸ்வேர்டு, செக்யூரிட்டி இருக்கற பக்கத்துக்குள்ள 'ஆத்தரைசேஷன் அண்ட் ரெவகேஷன்'. அங்க எம்எஸ்ஏவை ஆஃப் பண்ணப் போனா பத்து நொடி எண்ண வெக்கும். எண்ணி முடிச்சு அமுக்குனா 'ரத்து செய்ய முடியவில்லை'ன்னு வரும். மறுபடி அமுக்குங்க, மறுபடி பத்து நொடி. நெட் ஆன்ல இருக்கட்டும், மூணாவது நாலாவது தடவை எடுக்கும். போடறதுக்கு ஒரே தட்டு, எடுக்கறதுக்கு இத்தனை அக்கப்போரு! வயசானவங்க மொதத் தடவை முடியலைன்னதும் போனை வெச்சுருவாங்கன்னு தெரிஞ்சு கட்டி வெச்ச முள்வேலிங்க இது. அதோட முடியல. ஃபைல் மேனேஜர், தீம்ஸ், டவுன்லோட்ஸ், செக்யூரிட்டி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் போயி 'ரெகமெண்டேஷன்ஸ்' தனித்தனியா ஆஃப் பண்ணணும்.

எந்தக் கம்பெனி போனுக்கும் ஆகற ஒரு வழி இருக்குது. ஆண்ட்ராய்டு 9ல இருந்து 'பிரைவேட் டிஎன்எஸ்'னு நெட்வொர்க் பக்கத்துல வருது. அதுல விளம்பரத்தைத் தடுக்கற ஆட்கார்டுங்கற சேவையோட டிஎன்எஸ் முகவரியைப் போட்டா, விளம்பரம் அனுப்பற சர்வரோட பேரையே போன் கண்டுபுடிக்காது. கேமுக்கு நடுவுல, நியூஸ் ஆப்புக்கு நடுவுல வர்றது பெரும்பாலும் நிக்கும். யூடியூப் விளம்பரம் நிக்காது, வீடியோவும் விளம்பரமும் ஒரே எடத்துல இருந்து வருது. ஏதாவது பேங்க் ஆப்போ, ஓட்டல் வைஃபையோ தொறக்கலைன்னா அந்த நேரத்துக்கு மட்டும் 'ஆட்டோமேட்டிக்'னு மாத்திக்குங்க.

அழிக்கவே விடாத ஆப்தான் உச்சகட்ட வயித்தெரிச்சல். 'அன்இன்ஸ்டால்' பட்டனே இருக்காது. ஃபேஸ்புக் ஆப்பை நீங்க எடுத்துட்டாலும் ஆப் மேனேஜர், ஆப் இன்ஸ்டாலர், சர்வீசஸ்னு அதோட மூணு ஆளுங்க உள்ளயே குந்தியிருக்கும் போன்கள் உண்டு. 2022 அக்டோபர்ல, கம்பெனிங்க போட்டியில நியாயம் பாக்கற இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி அபராதம் போட்டப்ப, முன்னாடியே போட்டு வர்ற கூகுள் ஆப்பை ஆளுங்க அழிக்கறதைத் தடுக்கக் கூடாதுன்னும் உத்தரவு போட்டுச்சு. 2023 மார்ச்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வெச்சுட்டு, அழிக்கறதைத் தடுக்கக் கூடாதுங்கற அந்த உத்தரவை மட்டும் ரத்து பண்ணிருச்சு. ஐரோப்பாவுல 2024 மார்ச்ல இருந்து கூகுள் மாதிரிப் பெருங்கம்பெனிங்க அழிக்க வழி விட்டாகணும்னு சட்டமே நடக்குது. அங்க இருக்கறவன் போன் அவனுது. இங்க 64 ஜிபின்னு வாங்குனதுல சிஸ்டமும் இதுகளும் தின்னது போக மிச்சம்தான் நம்முளுது.

சட்டம் வர்ற வரைக்கும் கை வேலைதாங்க. 'அபவுட் போன்'ல பில்ட் நம்பரை ஏழு தட்டு தட்டுங்க, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும் (சில போன்ல ஓஎஸ் வெர்ஷனைத் தட்டணும்). ஆண்ட்ராய்டு 11ம் அதுக்கு மேலயும்னா கம்ப்யூட்டரே வேண்டாம். வைஃபைல இருந்துட்டு வயர்லெஸ் டீபக்கிங்கை ஆன் பண்ணி, அனுமதி வாங்கித் தர்ற ஷிஸுக்குங்கற ஆப்பை ஆறு இலக்க எண் குடுத்து ஜோடி சேத்து, கேன்டாங்கற ஆப்புல எடுக்க வேண்டியதை டிக் பண்ணி நீக்கலாம். பக்கத்துல 'ரெகமெண்டட்'னு இருக்கறதை மட்டும் தொடுங்க. வெறி புடிச்சுக் கண்டதையும் எடுத்தா போன் லோகோவுலயே சுத்தும். ரெட்மில செக்யூரிட்டி ஆப்பையும் ஃபைண்ட் டிவைஸையும் எடுத்து அப்படி மாட்டுன போன் ஏராளம். ஒரு நாளைக்கு அஞ்சு எடுங்க, ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, அப்புறம் அடுத்த அஞ்சு. ரீஸ்டார்ட் பண்ணுனா ஷிஸுக்குவைத் திரும்ப ஓட விடணும். ஃபேக்டரி ரீசெட் அடிச்சா எடுத்ததெல்லாம் திரும்பி வந்துரும், ஏன்னா நெசத்துல அழியல, நம்ம கணக்குக்கு மறைச்சிருக்கு, அவ்வளவுதான். முழுசா அழிக்க, போனைக் கிளப்பற பூட்லோடரோட பூட்டைத் தொறக்கணும்னு யூடியூப்ல சொல்லுவாங்க. இருக்கறது ஒரே போன்னா தொடாதீங்க. ஜிபேயும் பேங்க் ஆப்பும் நின்னுரலாம், சாம்சங்னா பாதுகாப்புக்கு உள்ள வெச்சிருக்கற நாக்ஸ் ஃபியூஸ் ஒருக்கா போனா போனதுதான், மறுபடி பூட்டுனாலும் வராது.

பனியன் கம்பெனி, தறிக்குடோன், நூல் மில்லுல வேலை பாக்கறவங்களுக்கு ஒண்ணு. சார்ஜ் ஏறலைன்னு போர்டு போச்சு, பேட்டரி போச்சுன்னு சர்வீஸ்ல காசு புடுங்கறதுக்கு முன்னாடி டைப்-சி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பஞ்சு அடிச்சடிச்சு மெத்தை மாதிரி இறுகியிருக்கும். பின் முழுசா உள்ள போகாம ஒரு மயிரிழை வெளிய நிக்கும். போனை ஆஃப் பண்ணிப்போட்டு மரப் பல்குச்சியால ஓரத்துல இருந்து நெம்பி எடுங்க, ஊசியோ சேஃப்டி பின்னோ விட்டா நடுவுல இருக்கற நாக்கு உடைஞ்சுரும்.

இதையெல்லாம் விடப் பெரிய அநியாயம் ஒண்ணு கடை மேசையிலயே நடக்குது. "குடுங்கம்மா, நானே செட் பண்ணித் தர்றேன்"னு அந்தத் தம்பி எல்லாத்துக்கும் சம்மதம் தட்டி, புதுசா ஒரு ஜிமெயில் போட்டு, வாயில வந்த பாஸ்வேர்டு வெச்சுக் குடுத்துருவாப்ல. அம்மாவுக்கு அப்படி ஒரு ஜிமெயில் இருக்கறதே தெரியாது. ஆறு மாசம் கழிச்சுப் பேட்டர்ன் மறந்து ரீசெட் அடிச்சா, பழைய ஜிமெயிலைக் கேட்டுப் போன் பூட்டிக்கும். திருடன்கிட்ட இருந்து காப்பாத்த 2015ல வந்த பூட்டு, சொந்தக்காரம்மாவையே வெளிய நிறுத்துது. அதைத் தொறக்க மறுபடி காசு. ஜிமெயிலைக் குடும்பத்துல ஒருத்தரு கையால போடுங்க, மீட்க உங்க போன் நம்பரைக் குடுங்க. கடையிலதான் போட்டாகணும்னா பேரையும் பாஸ்வேர்டையும் பில்லுக்குப் பின்னாடி உங்க கையால எழுதி, எழுதுனதை அடிச்சு உள்ள போகுதான்னு அங்கயே ஒருக்கா பாத்துப்போட்டு எந்திரிங்க.