பெரிய டிஸ்கஸ் சிறியதை வளர்க்குமா?

"பெரிய டிஸ்கஸ் மீன்களோடு சிறியவற்றை விட்டால், பெரியவை தம் உடற்சளியை ஊட்டி வளர்த்துவிடும்" என்று, டிஸ்கஸ் எனும் தட்டையான நன்னீர் அலங்கார மீனைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தி திருகோணமலையில் மீன்தொட்டி வைத்திருப்போரிடையே பரவுகிறது. இது தவறு. பெற்றோர் மீன்கள் தம் தோலில் சுரக்கும் இந்தச் சளியை ஊட்டுவது உண்மையே. ஆனால் அது தம் குஞ்சுகளுக்கு, முதல் சில வாரங்கள் மட்டுமே என்பதையும், மூன்றாம் வாரத்திலேயே அவை குஞ்சுகளை விட்டு விலகி நீந்தத் தொடங்குவதையும், 2010இல் 'ஜேர்னல் ஒஃப் எக்ஸ்பெரிமென்டல் பயோலஜி' ஆய்விதழில் வெளியான கட்டுரையில் சரிபார்க்கலாம். கடையில் வாங்கும் 5 சென்ரிமீற்றர் மீன் அந்தப் பருவத்தைக் கடந்தது. கூட்டத்தில் வலியது முதலில் உண்டு மெலியதை மூலைக்கு விரட்டுவதால், நாளுக்குப் பலமுறை உண்ணவேண்டிய இளமீன் பட்டினியில் நிறம் கறுத்து வளர்ச்சி குன்றும். பார்க்கவே வேதனையான நிலை அது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள ஆறேழு மீன்களைச் சேர்த்து வளருங்கள். ஏற்கெனவே கலந்தவர்கள் இன்றே பிரித்துவிடுங்கள். அச்செய்தியைத் தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.