முதலில் கணக்குக்குப் பதில் சொல்லுங்கள்

நம் மாநகராட்சியின் நேற்றைய மாமன்றக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘வேலைவெட்டி இல்லாத கூட்டம்’ என்று மாமன்ற உறுப்பினர் ஒருவர், மாலையில் பூங்காவில் கூடும் நம் பிள்ளைகளைச் சொன்ன காணொளியை எல்லோரும் பார்த்தாயிற்று, திட்டியும் ஆயிற்று. ஆனால் அந்த ஒரு பேச்சையே எல்லோரும் பிடித்துக்கொண்டதில், அதற்குச் சற்று முன்னால் அதே அவையில் நடந்தது யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. அது அப்படிப் போய்விட வேண்டும் என்பதுதான் பலருடைய விருப்பமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். மாநகராட்சிக் கணக்கைச் சரிபார்க்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய தடைகளுக்கான (அதாவது கணக்கில் கண்ட குறைகள் மீதான ஆட்சேபங்களுக்கான) விளக்கம் ‘மன்றத்தின் பார்வைக்கு’ வைக்கப்பட்டது. அலுவலர் எழுந்து நிகழ்ச்சிநிரலில் அந்தப் பொருளின் எண்ணைப் படித்தார், யாரோ ‘ஏற்கலாம்’ என்றார், மேசைகள் தட்டப்பட்டன. கேள்வி கேட்கக் கையை உயர்த்திய ஒரே ஓர் உறுப்பினருக்கு, எழுத்துமூலமாகக் கேட்கும்படி பதில் வந்தது. ஒரு குவளைத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துபோன விவகாரம் அது. அடுத்து வந்ததுதான் பூங்காவில் மாலை நேரத்தில் இளைஞர்கள் கூடுவது பற்றிய பொருள். அதற்கு மட்டும் அவை விழித்துக்கொண்டது. கட்சி வேறுபாடில்லாமல் ஒவ்வொருவராக எழுந்து சமூகச் சீரழிவைப் பற்றி உரையாற்றினார்கள். இருட்டும் முன்பே பூங்காவைப் பூட்டுவது, கேமரா பொருத்துவது, காவல் துறைக்குக் கடிதம் எழுதுவது என்று தீர்மானங்கள் வந்து விழுந்தன.

என் கேள்வி மிகவும் எளியது. தணிக்கைக்கு என்ன பதில்?

சட்டம் தெரிந்த நண்பர்கள் உடனே வருவார்கள் என்பது தெரியும். தணிக்கைத் தடை என்றாலே ஊழல் என்று பொருளில்லை, ரசீது இணைக்காமல் விட்டாலும் தடை வரும், முன்பணத்தை உரிய காலத்தில் சரிக்கட்டாவிட்டாலும் தடை வரும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ரசீது இருந்தால் காட்டிவிட்டுப் போகலாமே. அதற்கு ஏன் இவ்வளவு அவசரம்? ‘பாதித் தடைகள் 2016க்கும் 2022க்கும் இடையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்த காலத்தவை’ என்பது இன்னொரு சமாதானம். அப்படியானால் இன்றைய உறுப்பினர்களுக்கு அதைப் பற்றிப் பேசுவதில் எந்தக் கூச்சமும் இருக்கக் கூடாதே! மற்றவர் காலத்துக் கணக்கை இவ்வளவு பொறுப்பாகப் போர்த்திப் பாதுகாக்கும் பெருந்தன்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தணிக்கை, பூங்கா என்ற இந்த இரண்டு பொருள்களும் வெவ்வேறானவை என்று நினைப்பவர்கள், வீட்டில் இருக்கும் சொத்து வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று அதில் தனியாக ஒரு தொகை இருக்கும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து மாநகராட்சி நம்மிடம் வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டிய பணம் அது. சொத்து வரியில் பத்து சதவீதம். அது மாநகராட்சியின் பணமே அல்ல; வாங்கிக் கொடுக்கும் கை மட்டும்தான் அவர்களுடையது. வசூலித்ததை உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைத்திருப்பதாகத்தான் நேற்று மேசை தட்டி அனுப்பப்பட்ட தணிக்கைப் பத்திகளில் ஒன்று சொல்கிறது. விளையாட்டுத் திடல் சீரமைப்பில், செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தில் பதிவே இல்லாத வேலைக்குப் பில் கொடுக்கப்பட்டிருப்பதாக இன்னொரு பத்தி சொல்கிறது. நூலகத்துக்கான பணம் போய்ச் சேரவில்லை, திடலுக்கான பணம் போன இடத்தில் திடலைக் காணோம், பிறகு ‘பிள்ளைகள் ஏன் பூங்காவில் நிற்கிறார்கள்’ என்று அவை கவலைப்படுகிறது.

என் அக்காள் மகன் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறான். வீடு சிறியது, உடம்புக்கு முடியாத தாத்தா, சத்தமாகத் தொலைக்காட்சி. கிளை நூலகம் மாலையில் மூடிவிட்டால் அவனும் அவன் நண்பர்களும் பூங்காவின் உயர்கோபுர விளக்குக்குக் கீழே உள்ள படிக்கட்டுக்குப் போய்விடுவார்கள். பழைய வினாத்தாளை ஒருவன் உரக்கப் படிக்க, மற்றவர்கள் விடை சொல்லுவார்கள். தவறாகச் சொன்னவனை மற்றவர்கள் கேலி செய்வதால் சத்தம் வரத்தான் செய்யும். போன மாதம் ரோந்து வந்தவர் ‘என்னடா இங்க கூட்டம்?’ என்று கேட்டு வண்டிச் சாவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாவியை வாங்க நான்தான் போனேன். மடித்த வினாத்தாளைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஏதோ திருடிவிட்டவனைப் போல அவன் அங்கே நின்ற நிலையை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காளிடம்கூட. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகவே அரசு 2024 ஜனவரியில் பல ஊர்களில் அறிவுசார் மையங்களைத் திறந்தது; நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். எங்கள் பகுதியிலிருந்து அங்கே போய்த் திரும்பும் நேரத்துக்கு ஒரு பாடத்தையே முடித்துவிடலாம்.

‘ஒரு பெண்ணாக அந்தப் பூங்காவில் இருட்டிய பிறகு நடந்து பாருங்கள், அப்போது தெரியும்’ என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வண்டியை முறுக்கிக்கொண்டு பெண்களைப் பின்தொடர்பவர்களும் அங்கே வருகிறார்கள், அவர்களைப் பிடிக்க வேண்டியதுதான். ஆனால் பூங்காவைப் பூட்டினால் அவர்கள் தெருவுக்கு வருவார்கள். பூங்காவை இழப்பது நடைப்பயிற்சிக்கு வரும் அந்தச் சகோதரியும்தான். நேற்று பேசிய எவரும் எரியாத விளக்குகளைப் பற்றியோ, நியமிக்கப்படாத காவலாளியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்குரியவை என்று பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கிய பதினெட்டுப் பணிகளில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் தெருவிளக்கும் இருக்கின்றன. இளைஞர்களைக் கலைப்பது என்று ஒரு பணி அதில் இருப்பதாக எனக்கு நினைவில்லை.

‘நீங்கள் எதிர்க்கட்சிக்காரர், அதனால்தான் இப்படி எழுதுகிறீர்கள்’ என்பவர்களுக்கு நீண்ட பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். பொறுப்பில் இருப்பவர்கள் மாறும்போதெல்லாம் நானும் கட்சி மாறியவனாகிவிடுகிறேன். அப்போது அவர்கள் ஆள் என்றார்கள், இப்போது இவர்கள் ஆள் என்கிறார்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களுக்கும் பகுதி சபை என்று கூட்டினார்களே, மக்களே நேரில் கேள்வி கேட்கலாம் என்றார்களே, அதை நம்பிப் போய் ‘தணிக்கை அறிக்கையைப் படித்துக் காட்டுவீர்களா’ என்று கேட்டவன் நான். ‘சார், சாக்கடை, குப்பை இந்த மாதிரி ஏதாவது கேளுங்க’ என்றார் அங்கிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘வேலைவெட்டி இல்லாத கூட்டம்.’ 2022 பிப்ரவரியில் இதே உறுப்பினருக்காக வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் யார்? இந்தக் கூட்டம்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் இலட்சக்கணக்கில் கூடியபோது ‘தமிழினத்தின் பெருமை’ என்று மேடைக்கு மேடை முழங்கப்பட்டதும் இளைஞர் கூட்டம்தான். கொடி பிடிக்கும்போது எழுச்சி, படிக்கட்டில் உட்காரும்போது சீரழிவு. வேலை இல்லை என்று வேறு குத்திக் காட்டுகிறீர்கள். அந்த வேலைக்குத்தான் ஐயா அவன் அந்த விளக்கடியில் படித்துக்கொண்டிருந்தான்.

கேமரா வாங்குவதாக முடிவெடுத்துவிட்டீர்கள். வாங்குங்கள். எந்த நிதியிலிருந்து, எந்த ஒப்பந்தப்புள்ளியில், யார் பராமரிப்பில் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள், அடுத்த தணிக்கையின்போது தேட வேண்டியிருக்காது. நூலக வரி நிலுவை எவ்வளவு, எப்போது செலுத்தப்படும், திடலின் அளவுப் புத்தகம் எங்கே என்று கேட்டு ஆணையருக்கும் மேயருக்கும் இன்று காலை விரைவு அஞ்சலில் மனு அனுப்பியிருக்கிறேன். தணிக்கை அறிக்கையின் முழு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்டிருக்கிறேன்; சட்டப்படி முப்பது நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வந்ததும் பக்கம் பக்கமாக இங்கேயே போடுகிறேன். அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு அக்காள் மகனையும் அவன் நண்பர்களையும் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்து வருகிறேன். முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கித்தான்.